காதில் ஹெட்போன், கண்ணெதிரே சீமை: சிவகங்கையை ஆடியோ கைடுடன் சுற்றுவது எப்படி?

கூகுள் மேப்பில் 'சிவகங்கை அரண்மனை' என்று போட்டால் சரியாகக் கொண்டுவந்து விட்டுவிடும். மதுரையிலிருந்து சுமார் 45 கி.மீ. அரண்மனை வாசலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் பழைய மதில், உயரமான வாசல், முன்னால் கடைகள், ஆட்டோக்கள், பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். 'சேருமிடம் வந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு மேப் அமைதியாகிவிடும். வந்தாச்சு. அப்புறம்?

கணவரைப் போரில் இழந்த ஒரு ராணி, எட்டு வருடம் வெளியூரில் தங்கிப் படை திரட்டி, திரும்பி வந்து மீட்ட ஊர் இது. ஆனால் மதிலைப் பார்த்தால் அது தெரியாது. கல்லும் காரையும் தானாகக் கதை சொல்லாது. யாராவது சொல்ல வேண்டும். அந்த 'யாராவது' இப்போது போனுக்குள்ளேயே வந்துவிட்டார். அவர் பெயர்தான் ஆடியோ கைடு.

கைடு யாரையும் அமர்த்தாமல், குழுவோடு ஓடாமல், நமக்குப் பிடித்த வேகத்தில் நடந்துகொண்டே கேட்பதுதான் 'செல்ஃப் கைடட் ஆடியோ டூர்'. ஐரோப்பியக் கோட்டைகளில் இது சாதாரணம். சிவகங்கைச் சீமையில் இப்படிச் சுற்றினால் எங்கெல்லாம் நிற்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், காதில் விழுவதில் எதை நம்ப வேண்டும்? பார்ப்போம்.

முதல்ல, ஆடியோ கைடு எப்போ வந்தது?

இது ஸ்மார்ட்போன் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் தவறு. 1952-லேயே நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஸ்டெடலிக் அருங்காட்சியகம் பார்வையாளர்கள் கையில் சின்ன ரேடியோ கருவியைக் கொடுத்தது. கட்டடத்துக்குள் மட்டும் ஒலிபரப்பாகும் விளக்கத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்!

பிறகு கேசட் வந்தது, எண்ணை அழுத்தினால் பேசும் கருவி வந்தது, கடைசியில் போன் ஆப்கள் வந்தன. இந்தியாவில் ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்குப் போகிறவர்கள் தவறாமல் பேசும் விஷயங்களில் ஒன்று அங்குள்ள ஆடியோ டூர். மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2019-ல் 'ஆடியோ ஓடிகோஸ்' என்ற ஆப்பை 12 இடங்களுக்காக அறிமுகப்படுத்தியது.

எல்லா ஆடியோ டூர்களிலும் அடிக்கடி உதாரணமாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் அல்காட்ரஸ் தீவுச் சிறைதான். 1963-ல் மூடப்பட்ட அந்தச் சிறைக்குள் நடக்கும்போது காதில் ஒலிப்பது நடிகர்களின் குரல் மட்டும் அல்ல. அங்கே வேலை பார்த்த காவலர்களும் அடைபட்டிருந்த கைதிகளும் பேசுகிறார்கள். ஒரே அறையைப் பற்றி இரண்டு தரப்பும் சொல்வதைக் கேட்கிறோம். இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைக்கு வந்ததும் தேவைப்படும்.

எப்படி வேலை செய்யுது?

பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன.

எண்: சுவரில் '7' என்று எழுதியிருக்கும். ஆப்பில் 7-ஐ அழுத்தினால் அந்த இடத்தின் கதை ஓடும். பழைய முறை, ஆனால் ஏமாற்றாது.

க்யூஆர் கோடு: பலகையில் உள்ள கட்டத்தை ஸ்கேன் செய்தால் ஆடியோ திறக்கும். பலகை வெயிலில் வெளுத்துவிட்டால் கதையும் போய்விடும்.

ஜிபிஎஸ்: ஒவ்வொரு நிறுத்தத்தையும் சுற்றி மேப்பில் ஒரு கண்ணுக்குத் தெரியாத வட்டம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்குள் கால் வைத்ததும் ஆடியோ தானாக ஆரம்பிக்கும். திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். கனமான சுவர்களுக்கு நடுவே, கோயில் மண்டபத்துக்குள்ளே அது தடுமாறும். அதனால் கோட்டை, அரண்மனையின் உட்பகுதிக்கு ஜிபிஎஸ் ஒத்துவராது. ஊர் சுற்ற நல்லது.

ப்ளூடூத்: அறைக்குள் பொருத்திய சின்னக் கருவி சிக்னல் அனுப்பும். போன் அருகே வந்ததும் ஆடியோ ஓடும். பெரிய அருங்காட்சியகங்கள்தான் இதற்குச் செலவு செய்யும்.

டேட்டா கவலை வேண்டாம். சாதாரண தரத்தில் ஒரு நிமிட எம்பி3 ஏறக்குறைய 1 எம்.பி.தான். ஒரு மணி நேர டூர் 60 எம்.பி.க்குள் அடங்கிவிடும். கிளம்புவதற்கு முன்பே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் டவர் கிடைக்காத இடத்திலும் கதை நிற்காது.

சிவகங்கையில் என்ன ஸ்பெஷல்?

மெஹ்ரான்கர் மாதிரி மலை மேல் ஒரே கோட்டை, ஒரே டிக்கெட், ஒரே வாசல் என்ற கதை இங்கே கிடையாது. சீமையின் வரலாறு ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறது. அரண்மனை ஓர் இடம், போர்க்களம் ஓர் இடம், தூக்குமரம் நின்ற ஊர் ஓர் இடம். இணைத்துச் சொல்ல ஒரு குரல் இல்லாவிட்டால் இவை தனித்தனிக் கோயிலும் குளமும் சிலையும்தான். அதனால்தான் ஆடியோ டூர் என்ற வடிவம் இந்த மண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிவகங்கையின் வரலாறு பல காலம் கண்ணால் படிக்கப்பட்டதைவிடக் காதால் கேட்கப்பட்டதே அதிகம். சிவகங்கைச் சரித்திரக் கும்மி, சிவகங்கைச் சரித்திர அம்மானை என்று பாடல் வடிவிலேயே சீமையின் கதை சொல்லப்பட்டிருக்கிறது. சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இவற்றை 1950-களில் அச்சிட்டது. 1959-ல் கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' படம் வந்த பிறகு, பலருக்கு மருது பாண்டியர் என்றாலே அந்தத் திரை உருவம்தான்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கும்மி, சினிமா, மேடைப் பேச்சு, வாட்ஸ்ஆப் ஃபார்வேர்டு, கும்பினிக் கடிதம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்ட வரலாறு இது. காதுக்குள் ஒரு குரல் உறுதியாகச் சொல்லும்போது குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. கைடு அண்ணனிடம் 'நிஜமாவா?' என்று கேட்கலாம். ஹெட்போனிடம் கேட்க முடியாது. ஆகவே சிவகங்கைக்கான ஆடியோ கைடு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: எது ஆவணம், எது வாய்மொழி.

கீழே உள்ள ஆறு நிறுத்தங்களும் அப்படியே பிரித்துத் தரப்பட்டுள்ளன. இந்தக் கட்டுரையைச் சேமித்து வைத்து, போனின் 'உரக்கப் படி' வசதியில் அந்தந்த இடத்தில் அந்தந்தப் பகுதியை மட்டும் ஓடவிட்டும் கேட்கலாம்.

நிறுத்தம் 1: தெப்பக்குளம்

ஊர் பெயரே இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாய்மொழி: காளையார்கோவில் பக்கம் போய்க்கொண்டிருந்த சசிவர்ணத் தேவர், நாவல் மரத்தடியில் சிவகங்கை என்ற ஊற்றின் அருகே தவத்தில் இருந்த சாத்தப்பய்யா என்ற துறவியைச் சந்தித்தார். அவர் சொன்ன நல்வாக்கு பலித்தது. அரசரானதும் அந்த ஊற்றைக் குளமாக வெட்டி, பக்கத்திலேயே அரண்மனை கட்டி, ஊருக்கும் அதே பெயரை வைத்தார்.

ஆவணம்: 1730 வாக்கில் ராமநாதபுரம் சேதுநாடு ஐந்து பங்காகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்கு ராமநாதபுரத்தோடு நின்றது. இரண்டு பங்கு நாலுகோட்டை பாளையத்தைச் சேர்ந்த சசிவர்ணப் பெரிய உடையாத் தேவருக்கு வந்தது. அதுதான் சிவகங்கைச் சீமை. கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்களில் இது 'சின்ன மறவர் சீமை' என்றும் நாலுகோட்டை என்றும் வரும். பழைய ஆங்கில ஆவணங்களில் 'சிவகங்கை' என்று மட்டும் தேடி ஏமாறுகிறவர்கள் இந்தப் பெயர்களையும் போட்டுப் பார்க்கலாம்.

நிறுத்தம் 2: அரண்மனை வாசல்

குளத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கௌரி விலாசம் என்று அழைக்கப்படும் அரண்மனை இதுதான். ஒரு விஷயம்: தொல்லியல் துறை டிக்கெட் கொடுத்துத் திறந்துவைத்திருக்கும் நினைவுச்சின்னம் அல்ல இது. சமஸ்தானக் குடும்பத்தின் சொத்து. உள்ளே ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது. எது வரை போகலாம் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போவதுதான் முறை.

ஆவணம்: 1772-ல் மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டதும் சிவகங்கை ஆற்காடு நவாப் வசம் போனது. ஊருக்கு 'ஹுசைன் நகர்' என்று பெயர் மாற்றினார்கள். ராணி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குத் தப்பினார். பிரதானி தாண்டவராய பிள்ளை அதே ஆண்டு டிசம்பரில் மைசூரின் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி 5,000 குதிரை வீரர்களையும் 5,000 காலாட்படையினரையும் கேட்டார். 1780-ல் ஹைதர் அலியின் உதவியோடும் மருது சகோதரர்களின் படைத்திறனோடும் ராணி சீமையை மீட்டார். 1857 சிப்பாய் எழுச்சிக்கு 77 வருடம் முன்பு நடந்தது இது.

வாய்மொழி: மீட்புப் போரின்போது குயிலி என்ற பெண், ராஜராஜேஸ்வரி கோயில் விழாவுக்கு வந்த பெண்கள் கூட்டத்தோடு கலந்து உள்ளே நுழைந்து, உடலில் எண்ணெய் ஊற்றித் தீவைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தார் என்பது இன்று தமிழகம் முழுக்கத் தெரிந்த கதை. சிவகங்கையை அடுத்த சூரக்குளத்தில் 2014-ல் தமிழக அரசு திறந்த வேலுநாச்சியார் மணிமண்டபத்தில் குயிலிக்கும் நினைவுச்சின்னம் உண்டு. குயிலியை வரலாற்று மனிதராகவே ஏற்று எழுதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் உருவான பாத்திரம் என்று மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். நல்ல ஆடியோ கைடு இந்த இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டு முடிவைக் கேட்பவரிடம் விடும்.

இந்த வாசலில் நின்று கேட்க இன்னொரு கதையும் இருக்கிறது. இதில் வாள் இல்லை, வக்கீல்கள்தான். 1801-ல் கம்பெனி ஜமீன்தாராக ஏற்ற கௌரி வல்லபத் தேவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். சொத்து அண்ணன் வழி ஆண்களுக்கா, அல்லது ஜமீன்தாரின் சொந்தக் குடும்பப் பெண்களுக்கா? தலைமுறை தாண்டி நீடித்த சண்டை லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-ல் மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும் ஒருவர் தனியாகப் பெற்ற சொத்து அவருடைய நேர் வாரிசுகளுக்குத்தான் என்பது அதன் சாரம். இந்து வாரிசுரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் 'சிவகங்கை வழக்கை'த் தாண்டாமல் போக முடியாது.

நிறுத்தம் 3: கொல்லங்குடி

சிவகங்கையிலிருந்து காளையார்கோவில் போகும் வழி. இங்கே அரியாக்குறிச்சியில் இருக்கிறது வெட்டுடையார் காளியம்மன் கோயில். நீதி கேட்டு வரும் பக்தர்கள் இங்கே காசு வெட்டிப் போடுவது பிரபலம்.

வாய்மொழி: தப்பிச் சென்ற ராணி எந்தப் பக்கம் போனார் என்று நவாப் படையினர் உடையாள் என்ற பெண்ணிடம் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வெட்டிக் கொன்றுவிட்டார்கள். ஆட்சிக்குத் திரும்பிய வேலுநாச்சியார் தன் தாலியையே அவருக்குக் காணிக்கையாக்கினார் என்பார்கள். ராணி அமைத்த பெண்கள் படைக்கு 'உடையாள் படை' என்று பெயர் வந்ததும் இதனால்தான் என்று சொல்கிறார்கள்.

இந்த நிறுத்தத்தில் ஆவணம் என்று காட்ட ஒரு தாளும் வேண்டியதில்லை. ஒரு சாதாரணப் பெண்ணின் மௌனத்தை ஊர் எத்தனை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறது என்பதே இங்கே கேட்க வேண்டிய செய்தி. கும்பிடும் இடம் என்பதால் ஹெட்போனை வெளியிலேயே கேட்டு முடித்துவிட்டு உள்ளே போவது நல்லது.

நிறுத்தம் 4: காளையார்கோவில்

சிவகங்கையிலிருந்து சுமார் 18 கி.மீ. சீமையின் மிகக் கனமான இடம் இது. இரண்டு போர்கள் இங்கே முடிந்தன.

ஆவணம்: 1772 ஜூன் 25. ஜோசப் ஸ்மித் தலைமையில் ஒரு பக்கமும் பான்ஜோர் தலைமையில் மறுபக்கமும் வந்த கம்பெனிப் படைகளோடு நடந்த சண்டையில் முத்துவடுகநாதத் தேவர் இங்கேதான் உயிர்விட்டார். 29 வருடம் கழித்து அதே ஊர், அதே கம்பெனி. கர்னல் அக்னியூவின் படை அடர்ந்த காட்டை வெட்டிப் பாதை போட முயன்று முதலில் தோற்றுப் பின்வாங்கியது. பிறகு பல பக்கங்களிலிருந்தும் தாக்கி 1801 அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தது. மருது சகோதரர்கள் தப்பினார்கள். சில வாரங்களில் காட்டுக்குள் பிடிபட்டார்கள்.

வாய்மொழி: 'சரணடையாவிட்டால் கோபுரத்தைத் தகர்ப்போம்' என்று கம்பெனி மிரட்டியதால், தாங்கள் எழுப்பிய கோபுரத்தைக் காப்பாற்ற மருதுவே முன்வந்தார் என்பது மக்கள் சொல்வது. ராஜகோபுரத்துக்கான செங்கல், மானாமதுரையிலிருந்து வரிசையாக நின்ற மக்களின் கை மாறி மாறி வந்தது என்பதும் அப்படியொரு செய்திதான். ஆவணத்தோடு முதல் கதை ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கும்போது, அதை ஏன் தங்கள் உயிரோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்பது புரியும். கோயிலுக்கு எதிரே மருது சகோதரர்களின் சமாதி இருக்கிறது.

அல்காட்ரஸ் பாயின்ட் இங்கேதான் வருகிறது. எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு குரல் இருக்கிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-ல் லண்டனில் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். இளம் அதிகாரியாக வந்தபோது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ்தான் 1801-ல் சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார். ஒரு காதில் அம்மானை, மறு காதில் வெல்ஷ் என்று கேட்க முடிந்தால் காளையார்கோவில் வேறு மாதிரித் தெரியும்.

நிறுத்தம் 5: கானாடுகாத்தான்

காளையார்கோவிலிலிருந்து காரைக்குடி வழியாக வடக்கே போனால் காட்சி மொத்தமாக மாறும். போர், தூக்கு, துரோகம் எல்லாம் போய், பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் வந்துவிடும். செட்டிநாடு அரண்மனை என்று மேப் காட்டும் மாளிகை இங்கேதான் இருக்கிறது.

பலர் குழப்பிக்கொள்வது இதைத்தான். சிவகங்கை அரண்மனை ஆண்டவர்களுடையது. செட்டிநாடு அரண்மனை வணிகம் செய்தவர்களுடையது. இதைக் கட்டியவர் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் நிறுவனர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1912-ல் கட்டி முடித்ததாகச் சொல்கிறார்கள். படை எடுத்த 'ராஜா' அல்ல, ஆங்கில அரசு பட்டமாகக் கொடுத்த 'ராஜா'.

இங்கே ஆடியோ கைடு சொல்ல வேண்டியது கட்டடத்தின் இலக்கணம். முன்வாசலில் நின்று நேராகப் பாருங்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, நடுவே வானம் தெரியும் வளவு, அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரே கோட்டில் போய்ப் பின்தெருவில்தான் வீடு முடியும். வளவில் விழும் மழைநீரைச் சேமிப்பார்கள். கல்யாணம், சடங்கு, கணக்கு வழக்கு, சமையல் என ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வேலை உண்டு. 'செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு' என்ற பெயரில் இப்பகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. 'உத்தேசம்' என்பதை அழுத்திப் படிக்கவும். உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டதாக வரும் ஃபார்வேர்டுகளுக்கு இதுவே பதில்.

பெரும்பாலானவை தனியார் வீடுகள். சில வீடுகளில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு முன்பகுதியைக் காட்டுவார்கள். மற்றவற்றைத் தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. திண்ணையில் ஏறி உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

நிறுத்தம் 6: திருப்பத்தூர்

முதலில் ஓர் எச்சரிக்கை. மேப்பில் வெறும் 'திருப்பத்தூர்' என்று போட்டால் வேலூர் பக்கம் இருக்கும் மாவட்டத் தலைநகருக்கு வழி காட்டிவிடலாம். 'சிவகங்கை மாவட்டம்' என்று சேர்த்துப் போடுங்கள்.

ஆவணம்: 1801 ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட ஜம்புத் தீவுப் பிரகடனம் திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. தங்கள் பாளையத்துக்காக மட்டும் பேசாமல், சாதி, மத வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அழைத்த அறிக்கை அது. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 24-ல் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் இந்தத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 70-க்கும் மேற்பட்டோர் 1802-ல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பல வருடம் கழித்து அதே வெல்ஷ் அந்தத் தீவுக்குப் போனபோது, துரைசாமியை அங்கே சந்தித்தார்.

ஆடியோ கைடு இங்கே அதிகம் பேசக் கூடாது. தேதி, பெயர், இடம் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிசப்தம் விட்டாலே போதும்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* ஆறு நிறுத்தங்களையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்கலாம். நிதானமாகக் கேட்க இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் சிவகங்கை, கொல்லங்குடி, காளையார்கோவில். காரைக்குடியில் தங்கி, மறுநாள் கானாடுகாத்தான், திருப்பத்தூர்.
* கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். காலையில் சீக்கிரம் போங்கள், இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு மேல்.
* அக்டோபர் 24 திருப்பத்தூரில் அரசு விழா, 27 காளையார்கோவிலில் குருபூஜை. அந்த நாள்களில் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும். நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேறு வாரம் நல்லது.
* ஆஃப்லைன் மேப், இறக்கிவைத்த ஆடியோ, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில்.
* ரோட்டில் நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். அரண்மனை வாசல் பஸ்களுக்கு உங்கள் டூர் தெரியாது.

நாமே தயாரிக்கலாமா?

தாராளமாக. 'இஸி டிராவல்' போன்ற தளங்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆடியோ டூர் பதிவேற்றலாம். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம். 'உங்கள் இடது கை பக்கம் பாருங்கள்' என்று கண்ணை வழிநடத்தும் வரி முதலில், கதை பிறகு. போன் மைக், சத்தமில்லாத ஓர் அறை, போர்வை போர்த்திய மேஜை போதும்.

இப்போது இதைவிடச் சுலபமான வழியும் வந்துவிட்டது. எழுத்தைக் கொடுத்தால் ஏஐ நொடியில் குரலாக்கிவிடும். ஆனால் அது சாத்தப்பய்யாவின் ஆசியையும் பிரிவி கவுன்சில் தீர்ப்பையும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு படிக்கும். எழுதியவர் பிரித்துத் தராவிட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்ஆப் ஃபார்வேர்டுக்குக் குரல் கொடுத்தால் அது குரல் வந்த ஃபார்வேர்டுதான்.

சிவகங்கையில் மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறு படிக்கும் மாணவர்கள் ஒரு செமஸ்டரில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஆவணத்துக்கு ஒரு குரல், வாய்மொழிக்கு ஒரு குரல் என்று இரண்டு பேர் மாறி மாறிப் பேசினால் கேட்பவருக்குக் குழப்பமே வராது. அந்த வாய்மொழிக் குரல் கொல்லங்குடியில் பூ விற்கும் ஓர் அம்மாவின் குரலாகவோ, கும்மிப் பாட்டு தெரிந்த ஒரு பாட்டியின் குரலாகவோ இருந்தால் இன்னும் நல்லது. ஆவணங்கள் நூலகத்தில் காத்திருக்கும். பாட்டியின் குரலை இப்போதே பதிவு செய்தாக வேண்டும்.